கடைசிப் பெட்டியின் விசில்

டேய் கார்டு,

காலையில் காலுறை தேடி அலமாரியின் கீழ்த்தட்டைக் கிளறியபோது உன் விசில் கையில் பட்டது. பித்தளை கறுத்துவிட்டது. மூக்குக்கிட்ட கொண்டுபோனால் நீ முட்டிக்குப் பூசும் பச்சைத் தைலத்தின் வாசம் இன்னும் போகவில்லை. "உங்க கூட்டாளி சாமான், நீங்களே வச்சுக்குங்க அண்ணே" என்று நீ போன பிறகு உன் மனைவி கொடுத்தது. கழுவவில்லை. உன் எச்சில் என்பதால் வாயில் வைக்கவும் இல்லை. கோபப்படாதே, நீ பல் விளக்கும் அழகு எனக்குத் தெரியும்.

இன்றைக்கு விடிந்ததும் நாலு தடவை சப்பாத்தைப் போட்டுக் கழற்றினேன். வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன். ஓட்டத்துக்கு இன்னும் மூன்று வாரம். ஐம்பது கிலோமீட்டர். கிள்ளானில் வாரம் மூன்று நாள் உனக்கு ரத்தம் சுத்தம் செய்தார்களே, அந்த டயாலிசிஸ் மையத்துக்காக. "அடுத்த வருஷம் நான் வீல்சேர்ல வரேன், நீ பின்னாலருந்து தள்ளு" என்று ஊசி குத்திய கையோடு நீ சொன்னாய். அடுத்த வருஷம் வந்துவிட்டது. நீதான் வரவில்லை. சரி, நானாவது போகிறேன் என்று பேர் கொடுத்தேன்.

நீ ரயிலில் கார்டு, நான் போர்ட் கிள்ளானில் கொண்டெய்னர் லோரி ஓட்டுகிறவன். பிரிக்பீல்ட்ஸில் உன் வீட்டு வாசலில் ஞாயிற்றுக்கிழமை நாம் ஓடக் கிளம்பும்போது தெருவே சிரிக்கும். வேலையை விட்ட பிறகும் அந்த விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருவாய். எனக்கு நிதானம் கிடையாது, முன்னால் பறந்துவிடுவேன். பின்னாலிருந்து ஊதுவாய்.

"டேய் லோரி! கார்டு இன்னும் ஏறல, வண்டி எங்கடா போவுது?"

"உன் தொப்பை ஏறட்டும், அப்புறம் எடுக்குறேன்!"

ஓட்டம் முடிகிற தேத்தண்ணிக் கடைக்கு முதலில் போய்ச் சேருகிறவன் மற்றவனுடைய தே தாரிக்கையும் குடித்துவிடலாம் என்பது நம் சட்டம். எத்தனை வருஷம் உன் தேத்தண்ணியைக் குடித்திருக்கிறேன்! பிறகு நீ வந்து காலிக் கிளாஸைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கார்டு எப்பவும் கடைசிப் பெட்டியிலதான்டா. எல்லாரும் வந்துட்டாங்களான்னு பாக்குறவன் அவன்தான்" என்று சொல்லி இன்னொன்று ஆர்டர் செய்வாய்.

ஒன்றை உன்னிடம் நேரில் சொல்லாமலே இருந்துவிட்டேன். ஷா ஆலாமில் நாம் கடைசியாகச் சேர்ந்து ஓடினோமே, அந்தப் பந்தயம். பாதி தூரம் தாண்டியதும் உன் விசில் கேட்டது. மூன்று தரம். கிண்டல் செய்கிறாய் என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடினேன். மெடலை மாட்டிக்கொண்டு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபோதுதான், நீ கால் வீங்கி ரோட்டோரம் உட்கார்ந்திருப்பதாக யாரோ வந்து சொன்னார்கள். கிட்னி போய்விட்டது என்று அந்த வாரமே தெரிந்தது. நீ என்னைத் திட்டவில்லை. "ரயிலா இருந்திருந்தா உன்ன சஸ்பெண்ட் பண்ணிருப்பாங்கடா" என்று மட்டும் சொன்னாய். நானும் சிரித்தேன். விசில் கேட்கவில்லை என்று நீ நினைத்திருப்பாய். கேட்டதுடா.

அதனால்தான் இந்த ஐம்பதை எப்படியாவது ஓடிவிட வேண்டும் என்று வெறியாகப் பழகினேன். அம்பாங் மேட்டில் பாதி வயசுப் பிள்ளைகளோடு போட்டி போட்டேன். குதிகால் நரம்பில் சுரீர் என்றது. ஆறு வாரம் ஓடவே கூடாது என்று பிசியோ அம்மா சொல்லிவிட்டார். மூன்றாவது வாரம் தைப்பூசம் வந்தது. பிறகு பிசியோ அம்மாவிடம் போனபோது நடந்ததைக் கேட்டால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய்.

"அங்கிள், கால் ஏன் இப்படி வீங்கியிருக்கு? ஓடுனீங்களா?"

"நான் ஓடல லா. நடந்தேன்."

"எவ்வளவு தூரம்?"

"பத்துமலை வரைக்கும்."

"நான் குடுத்த சப்பாத்துலதானே?"

"பால்குடம் எடுக்கறப்ப யாரும்மா சப்பாத்து போடுவா?"

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "என்ன வேண்டுதல் அங்கிள்?"

"குதிகால் குணமாகணும்னுதான்."

"சரி, முருகன் உங்கள என்கிட்டயே திருப்பி அனுப்பிட்டாரு. இப்பவாவது கேளுங்க. ஓடுனா நரம்பு அறுந்துடும். இனி நல்லா தேறுனா, மெதுவா நடக்கலாம். அவ்வளவுதான்."

பேரை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல மையத்துக்குப் போனேன். அங்கே ஓட்டத்தை நடத்தும் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "எடுக்க வேணாம் அங்கிள். எல்லாருக்கும் பின்னால நடந்து வர ஒரு ஆள் வேணும். யாரும் வழியில விழுந்து கிடக்காம பாத்துக்கணும். நீங்க வரீங்களா?"

எனக்கு எரிச்சல் வந்தது. நான் கடைசியா? இரண்டு நாள் பதில் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சரி என்றேன். உன் வேலையை என் தலையில் கட்டியது நீதான் என்று சந்தேகம்.

இன்றைக்குப் பயிற்சி நடை, இருபது கிலோமீட்டர். கால் தேறிய பிறகு இந்த மாதம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி வந்தது. விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனேன். எல்லாரும் கண்ணுக்கு மறைந்துவிட்டார்கள். எனக்கு முன்னால் சுங்கை வேயிலிருந்து வந்த ஓர் ஆசிரியை மட்டும்தான். புருஷனுக்கு அதே மையத்தில்தான் டயாலிசிஸாம். பத்தொன்பதாவது கிலோமீட்டர் முடிகிற இடத்தில் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார்.

"என்னால முடியல அங்கிள். நீங்க போங்க."

அரை மைல் தள்ளி, நடை முடிகிற தேத்தண்ணிக் கடை தெரிந்தது. என் கால் இரண்டும் கயிற்றில் கட்டிய ஆடு மாதிரி இழுத்தன. நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"போக முடியாதும்மா. நான் உங்களுக்கு முன்னால போனா, ரயில்ல ஒரு பெட்டி கழண்டுடும்."

"நான் என்ன பெட்டியா அங்கிள்?"

"சரக்குப் பெட்டி. கொஞ்சம் வெயிட்டு."

சிரித்துக்கொண்டே கையில் இருந்த காலி பாட்டிலால் என்னை அடித்தார். பதினைந்து நிமிஷம் ஆனது. அவர் எழுந்து சப்பாத்துக் கயிற்றை இறுக்கியதும், விசிலைச் சட்டையில் துடைத்து வாயில் வைத்து ஊதினேன். உன் எச்சிலோடுதான். முன்னால் போகிறவன் காதில் அது எப்படி விழும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

குதிகால் வலித்தது, பொறுக்கிற வலிதான். அவர் முதலில் கடைக்குள் நுழைந்தார். நம் சட்டப்படி என் தேத்தண்ணியையும் அவரே குடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உள்ளே போவதற்கு முன் நின்று, வந்த ரோட்டைத் திரும்பிப் பார்த்தேன். வளைவு வரைக்கும் பார்த்தேன். யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

இன்னொரு தடவையும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.