முதுகு திறந்த சட்டை

தினேஸ்வரி கண்ணு,

நீ என் போனை எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

உன் பழைய பொம்மைகளுக்கு நான் இன்னும் சட்டை தைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். "இந்த வயசுல இது என்னா வேல லா?" என்று அப்பா கேட்பார். இப்போது கேட்பதில்லை. பொம்மைக்குக் கை மடங்காது. அதனால் சட்டையை முதுகில் மேலிருந்து கீழ்வரை திறந்து வைத்துத்தான் தைக்க வேண்டும். முன்னாலிருந்து மாட்டிவிட்டுப் பின்னால் ஒட்டிவிடலாம்.

மார்ச் மாதத்திலிருந்து அப்பாவின் வலது கையும் அப்படித்தான். பக்கவாதம் வந்து ஈப்போவில் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பேச்சு குழறுகிறது. "அவகிட்ட சொல்லாத" என்றது மட்டும் எனக்குத் தெளிவாகப் புரிந்தது. சொல்லவில்லை.

"அந்தக் கல்யாணத்துக்கு நான் சட்டைய மாட்டிக்கிட்டு வரணுமா?" என்று உன்னிடம் கத்தினாரே, அதே மனுஷன் நேற்று அலமாரியைத் திறக்கச் சொன்னார். போன தீபாவளிக்கு நீ அனுப்பி, அவர் பிரிக்காமலேயே வைத்திருந்த நீலப் பாத்தேக் சட்டையை இடது கையால் காட்டினார்.

புதுச் சட்டை. முதுகில் கத்தரிக்கோலை வைக்க எனக்கு மனசே வரவில்லை. ஆனாலும் நடுவில் வெட்டி, ஒட்டிப் பிரிக்கிற வெல்குரோ பட்டை வைத்துத் தைத்தேன். போட்டுவிட்டதும் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை உன் கல்யாணத்துக்கு லூமுட் மண்டபத்துக்கு வருகிறோம். அவரால் உன்னைக் கட்டிப்பிடிக்க முடியாது. நீதான் பிடிக்க வேண்டும்.

முதுகில் ஒட்டு பிரிந்தால் பிரியட்டும்.

உன் அம்மா