ஆறாவது விண்ணப்பம்

பிப்ரவரி 7

அன்புள்ள அப்பா,

நலம். நீங்கள் நலமா என்று கேட்கப் போவதில்லை, எப்படியும் "நலம்" என்றுதான் எழுதுவீர்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன். பென்ஷன் வந்ததா, இல்லையா?

ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவிடம் கேட்டேன். "வந்துடும்பா, வராம எங்க போயிடும்?" என்றாள். அம்மா அப்படிச் சொன்னால் வரவில்லை என்று அர்த்தம். உங்களிடமே கேட்கலாம் என்றால் அந்த ஆஸ்பத்திரி பாய்லர் உங்கள் காதைத் தின்றுவிட்டது. நான் போனில் கத்தினால் இங்கே ஆலையில் நாலு பேர் தீயணைப்புக் கருவியோடு ஓடி வருகிறார்கள், உங்களுக்குத்தான் கேட்பதில்லை. அதனால்தான் இந்தக் காலத்திலும் நமக்குக் கடிதம்.

முப்பத்தெட்டு வருஷம் பாய்லர் அறையில் வெந்தீர்கள். டிசம்பர் கடைசியில் கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள். நவம்பரிலேயே உங்கள் பெயரில் இணையதளத்தில் நான் விண்ணப்பம் போட்டுவிட்டேன். "பரிசீலனையில்" என்றே காட்டிக்கொண்டிருந்தது. ஜனவரியில் மறுபடி போட்டேன். நேற்று மூன்றாவது தடவை. இங்கே தண்ணீர் ஆலையில் பம்ப் நின்றால் ரீசெட் அழுத்துவோம். கிளம்பாவிட்டால் இன்னொரு தடவை. அதற்கும் கிளம்பாத பம்ப் இதுவரை இல்லை.

கடவுச்சொல்லைச் சீட்டில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அரிசி டப்பாவில் போட்டு அம்மாவைத் தேடவைக்காதீர்கள்.

அனுப்பிய பணம் கொஞ்சம்தான் என்று எனக்கே தெரியும். என்னை இங்கே அனுப்பிவைத்த ஏஜெண்டின் கடன் அக்டோபரில் முடியும். அதுவரை என் சம்பளம் என் கைக்கு வந்து, வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறது.

மகன்

*

பிப்ரவரி 20

அன்புள்ள அவசரக்குடுக்கைக்கு,

அப்பா எழுதுவது. நலம். (நீ சொன்னபடியே எழுதிவிட்டேன்.)

பென்ஷன் இன்னும் வரவில்லை. வாரம் ஒரு நாள் அலுவலகத்துக்குப் போய்வருகிறேன். இரண்டாம் மாடி, ஏழாவது மேஜை. அங்கே ஒரு அம்மா, மூக்கு நுனியில் கண்ணாடி, மேஜைமேல் ஒரு ஆள் உயரத்துக்குக் கோப்பு. எனக்குக் காது கேட்காது என்று தெரிந்ததிலிருந்து, சொல்வதையெல்லாம் துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டுகிறது. நல்ல பெண். அது பார்த்துக்கொள்ளும். நீ இனி ஒன்றும் செய்யாதே. உனக்கு வேலை அதிகம்.

பாய்லரைப் பற்றி உனக்கு ஒன்று சொல்லியிருக்கிறேனா தெரியவில்லை. பர்னர் முதல் தடவை பற்றவில்லை என்றால் உடனே மறுபடி அழுத்தக் கூடாது. உள்ளே எரியாத எண்ணெய்ப் புகை நிற்கும். காற்றை ஊதவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு முந்நூறு எண்ண வேண்டும். எண்ணாமல் அழுத்தினவன் ஒருவன் இருந்தான். கதவு ஒரு பக்கம், அவன் புருவம் ஒரு பக்கம். சும்மா நினைவு வந்தது, எழுதினேன்.

குவார்ட்டர்ஸ் காலி செய்ய ஜூன் முப்பது வரை தவணை கொடுத்திருக்கிறார்கள். வீடு பார்க்கிறேன். பார்த்த நாலு இடத்திலும் ஒரே கேள்வி: "பென்ஷன் உத்தரவு இருக்கா பெரியவரே?" அந்த ஒரு காகிதம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும்.

அம்மாவிடம் ஜூன் பற்றி இன்னும் சொல்லவில்லை. ரத்தக் கொதிப்பு. நீயும் உளறாதே.

ஆசிகளுடன்,
அப்பா

*

ஏப்ரல் 9

அப்பா,

உங்கள் பாய்லர் கதையைப் படித்துச் சிரித்தேன். ஆனால் அது எண்ணெயில் ஓடுவது, அலுவலகம் காகிதத்தில் ஓடுவது. காகிதம் வெடிக்காது, தூங்கும். தூங்குவதை எழுப்பத்தான் வேண்டும்.

மார்ச்சில் நாலாவது விண்ணப்பம். நேற்று ஐந்தாவது. நாலு மாதமாக ஒரு காசு வராமல் எப்படிச் சாப்பிடுகிறீர்கள்? அம்மாவைக் கேட்டால் "எங்களுக்கென்னப்பா, ரெண்டு வயிறு" என்கிறாள். போன ஞாயிறு போனில் சுவர்க் கடிகாரச் சத்தம் கேட்கவில்லை. "பேட்டரி தீர்ந்துடுச்சு" என்றாள். அது சாவி கொடுக்கிற கடிகாரம் அப்பா. அதற்கு ஏது பேட்டரி? விற்றுவிட்டீர்கள், இல்லையா?

இதற்குமேல் பொறுக்க நான் கல் இல்லை. உங்கள் ஏழாவது மேஜை மேல் புகார் கொடுத்துவிட்டேன். துறைத் தலைமைக்கே. காது கேட்காத ஒரு முதியவரை ஐந்து மாதமாக அலைக்கழிக்கிறார், வேண்டுமென்றே கோப்பை நிறுத்திவைக்கிறார் என்று மூன்று பக்கம் எழுதினேன். மேஜை எண்ணும் போட்டேன். மறுநாளே பதில் வந்துவிட்டது: "விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது." பார்த்தீர்களா? உங்கள் வழியில் ஐந்து மாதம், என் வழியில் ஒரே நாள்.

துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டுகிறாளாம், நல்ல பெண்ணாம். உங்களை யார் வேண்டுமானாலும் ஏமாற்றலாம் அப்பா.

மகன்

*

ஏப்ரல் 25

மகனுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இனி காகிதம் வாங்கவும் யோசிக்க வேண்டும் என்பதால் நேராகவே எழுதிவிடுகிறேன்.

நீ ஒவ்வொரு விண்ணப்பம் போடும்போதும் அதற்கு முந்தினது தானாகவே ரத்தாகிவிடும். பரிசீலனைக்கான தொண்ணூறு நாள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். நவம்பரில் நீ போட்டது ஜனவரியில் கையெழுத்துக்கே போயிருந்ததாம். அந்த வாரம்தான் நீ இரண்டாவதைப் போட்டாய்.

பிப்ரவரியில் அந்த அம்மா இதை எனக்கு எழுதிக் காட்டியது. "யார் இதைச் செய்கிறார்களோ அவரை நிறுத்தச் சொல்லுங்கள்" என்று. அந்தத் துண்டுக் காகிதம் இன்னும் என் சட்டைப் பையில் இருக்கிறது. அதன்பிறகு அது என்ன செய்தது தெரியுமா? நீ போட்ட எல்லாவற்றையும் தேடி எடுத்து ஒரே கட்டாகக் கட்டி, நவம்பர் விண்ணப்பத்தை மேலே வைத்து, இதுதான் உண்மையான தேதி என்று தன் கைப்பட விளக்கம் எழுதி, மேலதிகாரியிடம் நடையாய் நடந்தது. அது அதன் வேலையே இல்லை. ஏப்ரல் பதினைந்தாம் தேதி கையெழுத்து ஆகும் என்று சொல்லியிருந்தது.

பதினைந்தாம் தேதி போனேன். ஏழாவது மேஜையில் யாருமில்லை. விசாரணை முடியும்வரை அந்த அம்மாவைக் கீழே கிடங்குக்கு மாற்றிவிட்டார்களாம். என் கோப்பும் விசாரணைக்குப் போய்விட்டது. கிடங்குக்கு இறங்கிப் போய்ப் பார்த்தேன். தூசிக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றது. ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டியது: "உங்கள் மகனுக்கு என்மேல் என்ன கோபம்?"  கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

உன்னிடம் முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ விண்ணப்பம் போட்டேன் என்று சொல்லும் ஒவ்வொரு ஞாயிறும் அம்மா பக்கத்து வீட்டுக்குப் போய், "எம் புள்ள அங்கேர்ந்தே எல்லாத்தையும் கவனிச்சுக்கிறான்" என்று சொல்லிவிட்டு வருவாள். அன்றைக்குக் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பாள். அதைப் பிடுங்க மனசு வரவில்லை. பாய்லர் கதை எழுதினால் நீயே புரிந்துகொள்வாய் என்று நினைத்தேன். என் தப்பும்தான்.

ஆமாம், கடிகாரத்தை விற்றோம். எனக்கு அதன் சத்தம் எப்படியும் கேட்காது.

அப்பா

*

மே 10

அப்பா,

ஒவ்வொரு தடவையும் அந்த இணையதளத்தில் ஒரு பெட்டி வந்தது. "ஏற்கெனவே உள்ள விண்ணப்பம் ரத்து செய்யப்படும். சம்மதமா?" நேற்றுப் போய்ப் பார்த்தேன். கொட்டை எழுத்து. நான் படிக்கவே இல்லை. நான்கு தடவையும் "ஆம்" அழுத்தியிருக்கிறேன். ஆலையில் எவனாவது எச்சரிக்கையைப் படிக்காமல் அழுத்தினால் அவன் ஏழு தலைமுறையையும் திட்டுகிறவன் நான்தான்.

புகாரைத் திரும்பப் பெற்றுக் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன். தவறு முழுக்க என்னுடையது என்று தேதிவாரியாக எழுதிக் கொடுத்தேன். பின்னால் போட்ட நான்கையும் தள்ளிவிட்டு நவம்பர் விண்ணப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் எழுதியிருக்கிறேன். இத்துடன் உள்ள ஒட்டிய உறை அந்த அம்மாவுக்கு. நீங்கள் படிக்க வேண்டாம். அதில் சாக்குப்போக்கு ஒன்றும் இல்லை.

ஊருக்கு வரலாம் என்று கேட்டுப் பார்த்தேன். ஒப்பந்தத்தை முறித்தால் அபராதம் ஏஜெண்ட் கடனைவிடப் பெரிது. நான் வந்தால் ரெண்டு வயிறு மூன்றாகும், அவ்வளவுதான்.

இனி எதையும் தொடமாட்டேன். விரலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு இதைவிடக் கஷ்டமான வேலையை யாரும் கொடுத்ததில்லை.

மகன்

*

ஜூலை 3

அன்புள்ள அவசரக்குடுக்கைக்கு,

உறைமேல் உள்ள முகவரி புதிது. ஒரு சலவை ஆலைக்குப் பின்னால் ஒரு அறை. அவர்களுடைய பாய்லருக்கு ஆள் வேண்டியிருந்தது. அறை இலவசம். அறுபது வயதில் மறுபடி அதே எண்ணெய் நாற்றம், அதே சூடு. சத்தம் அதிகம். எனக்குப் பரவாயில்லை, எனக்குத்தான் கேட்காதே. அம்மாவுக்குக் கேட்கிறது.

உன் கடிதத்தைக் கிடங்கில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மா இரண்டு தடவை படித்தது. மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டது. அடுத்த வாரம் அது பழையபடி ஏழாவது மேஜையில் இருந்தது. என் கட்டும் அங்கே இருந்தது. ஜூன் இருபத்திரண்டு, திங்கட்கிழமை, கையெழுத்து என்று எழுதிக் கொடுத்தது.

இப்போது நான் சொல்லப் போவதை உட்கார்ந்துகொண்டு படி.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஒரு வீட்டுக்காரர் வரச் சொல்லியிருந்தார். இரண்டு அறை, ஜன்னலோரம் குழாய். அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, எங்கே என்ன வைப்பது என்றுகூடச் சொல்லிவிட்டாள். அவர், "சாயங்காலத்துக்குள்ள ஏதாவது ஒரு அரசாங்கக் காகிதம் காட்டுங்க. இல்லன்னா இன்னொரு பார்ட்டி நிக்குது" என்று எழுதிக் காட்டினார். என்னிடம் உத்தரவு இல்லை. உன் கடவுச்சொல் சீட்டு இருந்தது. கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். புதிதாக ஒரு விண்ணப்பம் போட்டால் அன்றைய தேதியில் முத்திரையோடு ரசீது வரும் என்று எழுதிக் காட்டினான் கடைக்காரன்.

நீ சொன்ன அந்தப் பெட்டி வந்தது. நான் படித்தேன். கொட்டை எழுத்து, கண் நன்றாகத்தான் தெரிகிறது. கடைக்காரன் என் முகத்தைப் பார்த்தான். "ஆம்" என்று தலையாட்டினேன்.

வீட்டுக்காரர் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நீங்க கேட்டதுக்கு ரசீது. அவங்க கொடுத்ததுக்கு இல்ல" என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

திங்கட்கிழமை அந்த அம்மாவிடம் போய் நின்றேன். திரையைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முகத்தைக் கையால் மூடிக்கொண்டது. மறுபடி தொண்ணூறு நாள். விசாரணைக்குப் போய்வந்த கோப்பாம், இனிப் பழைய தேதியை யாரும் ஏற்கமாட்டார்களாம்.

பற்றவில்லை என்றால் முந்நூறு எண்ணு என்று முப்பத்தெட்டு வருஷம் எல்லாருக்கும் சொன்னவன் நான். முந்நூறு எண்ண வேண்டிய இடத்தில் மூன்று நாள் எண்ணத் தெரியவில்லை.

அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. நீயாவது என்னைத் திட்டி ஒரு கடிதம் எழுது. உன் பழைய கடிதம் மாதிரி. குறை வைக்காதே.

அப்பா

*

ஜூலை 16

அப்பா,

கேட்டீர்கள், தருகிறேன். உங்களுக்குப் புத்தி இருக்கிறதா? படித்துப் பார்த்துவிட்டா தலையாட்டினீர்கள்? நானாவது படிக்காத முட்டாள். அந்தப் பெண் கிடங்குத் தூசியைத் தின்று கொண்டுவந்த கோப்பை ஒரு ரசீதுக்கு விற்றுவிட்டீர்களே! அறுபது வயதில் எண்ணெய்ச் சூட்டில் போய் நிற்கிறீர்களே, உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் இங்கே எந்தப் பொத்தானை அழுத்துவேன்?

போதுமா? நான்கு தடவை அழுத்தியவன் ஒரு தடவை அழுத்தியவரைத் திட்டியாகிவிட்டது. வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் குறை வைக்கவில்லை.

அம்மாவுக்குக் காதில் வைக்கும் அடைப்பான் நாலு ஜோடி அனுப்பியிருக்கிறேன், எங்கள் பம்ப் அறையில் போடுவது. என் போன் வரும் நேரத்துக்கு மட்டும் கழற்றச் சொல்லுங்கள்.

இன்னொரு காரியமும் செய்தேன். எதையும் தொடமாட்டேன் என்று சொன்னேன், இதற்கு மட்டும் தொட்டேன். அந்த இணையதளக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, விரல் போன இடத்தில் தட்டினேன். தட்டியது என்னவென்று நான் பார்க்கவில்லை. உங்கள் சீட்டு இனிச் செல்லாது, கிழித்துவிடுங்கள்.

இப்போது உள்ளே போக உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. நீங்கள் அங்கே கையைக் கட்டிக்கொள்ளுங்கள். நான் இங்கே கட்டிக்கொண்டேன். தொண்ணூறு நாளில் இன்றோடு இருபத்தேழு.

உங்கள்
அவசரக்குடுக்கை