சீசாவை வெட்டின கோடு

6 ஒக்டோபர் 1996, ஞாயிறு

பூசை முடிந்து வேதக்கோயிலால் வெளியே வந்தால், கோயில் அறிவித்தல் பலகையில் தமிழர் ஒன்றியத்தின் புதுத் தாள் குத்தியிருந்தது. தேர்தல் வட்டாரங்களை மாற்றிவிட்டார்களாம். பலெர்மோ முழுக்க ஆறு வட்டாரம், வட்டாரத்துக்கு ஒரு பிரதிநிதி என்பது அப்படியே இருக்கிறது. ஆனால் சீசா என்று ஒரு வட்டாரம் இனி இல்லை. சீசாவை மூன்றாக வெட்டி ஒரு துண்டை வியா மக்வேதாப் பக்கத்தோடும், இன்னொன்றைத் துறைமுகப் பக்கத்தோடும் ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் வீட்டுப் பக்கத்தைப் பகேரியாவோடு சேர்த்திருக்கிறார்கள். ரயிலேறிப் போகிற ஊர் பகேரியா! அங்கே எனக்கு ஒரு குருவியைக்கூடத் தெரியாது.

கோடு எங்கள் தெருவின் நடுவால் போகிறது. எதிர்ப்பக்க வீடுகள் மக்வேதாவுக்கு, எங்கள் பக்கம் பகேரியாவுக்கு.

ஆர் செய்த வேலை என்று கேட்கத் தேவையில்லை. தலைவர் விமலராஜ் அண்ணை. போனமுறை சீசாவில் அவருடைய ஆளிடம் நான் மயிரிழையில் தோற்றேன். பிறகு சீசாவில் நடந்த சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை அவர் மக்வேதாவுக்கு மாற்றினார். என் மகள் அமலினி பஸ் மாறி மாறிப் போகிறாள். சின்னப் பிள்ளைகளின் தாய்மார் அனுப்புவதையே விட்டுவிட்டார்கள். அந்த வகுப்பைத் திரும்பக் கொண்டுவருவேன் என்றுதான் இந்தமுறை நிற்க இருந்தேன். வென்றிருப்பேன். அது அவருக்கும் தெரியும். இப்போது மூன்று துண்டிலும் எங்கள் சனம் குறைவு.

என் மனுசன் றோபேட்டிடம் சொன்னேன். "விடுமப்பா," என்றுவிட்டுச் சாப்பிடப் போனார்.

13 ஒக்டோபர், ஞாயிறு

வெட்டுப்பட்டது நான். இன்றைக்குக் கோயில் வாசலில் எல்லாரும் சுற்றி நின்றது செலஸ்ரீனாவை.

செலஸ்ரீனா எதிர்வீட்டுக்காரி. மன்னாரிலிருந்து வந்திறங்கியபோது அவளுக்கு முதல் வேலை எடுத்துக் கொடுத்தது நான். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி எடுக்கக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் எந்த வரிசையில் நிற்பது என்று காட்டியதும் நான். இப்போது அவள் ஒரு பெண் வக்கீலின் வீட்டில் வேலை செய்கிறாள். அவளுடைய இத்தாலியன் மழை மாதிரிக் கொட்டுகிறது. என்னுடையது இன்னும் சமையலறைக்குள்ளேயே நிற்கிறது.

அந்த வக்கீல் சிஞ்ஞோராவிடம் ஒன்றியத்தின் யாப்பை, அதன் சட்டவிதிகளைக் காட்டினாளாம். அடுத்தடுத்த தெருக்களைச் சேர்த்துத்தான் வட்டாரம் அமைக்க வேண்டும், மாற்றுவதானால் பொதுக்கூட்டம் தீர்மானிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறதாம். கமிற்றி கதவைப் பூட்டிக்கொண்டு மாற்றினது செல்லாது, வழக்கு வைக்கலாம் என்று சிஞ்ஞோரா சொன்னாராம். சனம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டது.

என்னைக் கண்டதும், "மலரக்கா, நீங்களும் கையெழுத்து வையுங்கோ," என்றாள்.

நீங்களும்.

20 ஒக்டோபர்

வைத்தேன். முதலில் செலஸ்ரீனா, அடுத்தது வகுப்பு நடத்தின ஏர்னஸ்ற் மாஸ்ரர், கடைசியில் நான்.

10 நவம்பர், ஞாயிறு

வக்கீல் கூப்பிடுகிற நேரமெல்லாம் செலஸ்ரீனாவைக் காரில் கொண்டுபோய் விடுகிறவர் யார்? என் மனுசன். விடுமப்பா என்று சொன்ன அதே ஆள்.

"பாவம், தனியப் போறா. புருசன் ஊரில. மாஸ்ரருக்கும் ஏலாது," என்கிறார். பாவம்தான். நான் வேலைக்குப் போகும்போது பஸ்ஸுக்கு நிற்கிறேன். அப்போது அந்தக் கார் எங்கே போகும்?

போய்வந்து வக்கீல் சொன்னதையெல்லாம் எனக்குச் சொல்கிறார். செலஸ்ரீனா இப்படிக் கேட்டா, செலஸ்ரீனா அப்படி மறுமொழி சொன்னா. நான் உடுப்பு மினுக்கிக்கொண்டு கேட்டேன். அவருடைய நல்ல சேட்டில் ஒரு பக்கம் கருகிவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை. இல்லை, தெரியாது.

அவர் அப்படியான ஆள் இல்லை. எனக்குத் தெரியும். அவளும் இல்லை. தெரிந்தும் ஏன் நெஞ்சு எரியுது? ஒன்றும் பிழையாக நடக்காததுதான் கூடுதலாக எரிக்குது. கோபிக்க ஒரு சாட்டுக்கூட இல்லை.

8 டிசம்பர், மாதா திருநாள்

பாதரே பிரசங்கத்தில் சொன்னார், துணிந்த பெண்கள் எங்கள் நடுவில் இருக்கிறார்கள் என்று. பெயர் சொல்லவில்லை. எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

நீலச் சீலையில் அவள் நல்ல வடிவு. அதையும் எழுதிவைக்கிறேன்.

12 ஜனவரி 1997, ஞாயிறு

விமலராஜ் அண்ணை வீட்டுக்கு வந்தார். றோபேட் வேலைக்குப் போயிருந்தார். அமலினியைக் கடைக்கு அனுப்பிவிட்டுக் கோப்பி கொடுத்தேன்.

நல்ல மனுசன் மாதிரித்தான் கதைக்கிறார். இந்த நகரத்துக்கு முதன்முதலில் வந்து எல்லாருக்கும் வழிகாட்டினவர் தான், இன்றைக்கு வந்தவர்கள் தன்னைத் திரிபுனாலே என்கிற நீதிமன்றம் வரைக்கும் இழுக்கிறார்கள் என்று மனம் வருந்தினார். தான் இல்லாவிட்டால் ஒன்றியம் உடைந்துபோகும் என்று அவர் உண்மையாகவே நம்புகிறார் என்று நினைக்கிறேன்.

பிறகு விசயத்துக்கு வந்தார். "தங்கச்சி, உங்கட பக்கத்தைப் பகேரியாவில இருந்து எடுத்துத் துறைமுகத்தோட போட்டுவிடுறன். அங்கை ஏற்கெனவே சீசாச் சனம் கொஞ்சம் இருக்கு. நீர் நிண்டால் வெல்லுவீர். வழக்கில இருந்து பேரை மட்டும் எடும். வெட்டுப்பட்ட நீரே ஓமெண்டால் அந்த வழக்கில என்ன கிடக்கு?"

மற்ற வீடுகள் என்ன ஆகும் என்று கேட்டேன். அது அப்படியே கிடக்கட்டும் என்றார். நான் கேட்காமலே இன்னொன்றும் சொன்னார்: செலஸ்ரீனாவின் வீடு அங்காலப் பக்கம், மக்வேதாவோடுதான் இருக்கும்.

இவருக்கு எப்படித் தெரியும்? என் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கா?

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இல்லை என்று சொல்லவில்லை.

13 ஜனவரி

கன நாளைக்குப் பிறகு நல்ல நித்திரை. நான் உள்ளே, அவள் வெளியே. ஒரே தெரு.

2 பெப்ரவரி, ஞாயிறு

வகுப்பைக் கொண்டுவரத்தானே நிற்கிறேன். துறைமுக வட்டாரத்தில் வென்றாலும் கமிற்றிக்குள் போய்க் கேட்கலாமே. இப்படி எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். துறைமுகத்துப் பிரதிநிதி சீசாவுக்கு வகுப்புக் கேட்டால் விமலராஜ் அண்ணை சிரிப்பார். அதுவும் தெரியும்.

செலஸ்ரீனா வந்து போனாள். வழக்கன்று நான் கதைக்கத் தேவையில்லையாம், தானும் சிஞ்ஞோராவும் பார்த்துக்கொள்வார்களாம். "நீங்கள் பயப்பிடாதேங்கோ அக்கா," என்று கையைப் பிடித்தாள். பயப்பிடுகிறேன் என்று ஆர் சொன்னது?

26 பெப்ரவரி, புதன்

நாளைக்கு வழக்கு. வழக்கிலிருந்து விலகுகிறேன் என்பதை இத்தாலியனில் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு. றோபேட்டுக்கு ஒன்றும் தெரியாது.

27 பெப்ரவரி, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதவேண்டும்.

நான் நினைத்தமாதிரிப் பெரிய மண்டபம் இல்லை. ஒரு அறை, ஒரு நீளமேசை. நீதிபதி கண்ணாடி போட்ட இளைத்த மனுசி. ஒரு பக்கம் விமலராஜ் அண்ணையும் அவருடைய வக்கீலும். மற்றப் பக்கம் நாங்கள். றோபேட் கதவடியில் நின்றார், கையில் செலஸ்ரீனாவின் குடை. என்னுடைய குடை என்னிடமே இருந்தது.

எங்கள் சிஞ்ஞோரா யாப்பை வாசித்தார். பொதுக்கூட்டம் கூட்டவில்லை, தெருவை நடுவால் வெட்டியிருக்கிறார்கள் என்றார். அவர்களின் வக்கீல் எழும்பி, உறுப்பினர்களைக் கேட்டுத்தான் மாற்றினோம் என்றார். கேட்டதற்கு என்ன சாட்சி என்று நீதிபதி கேட்டதும் அவர் என் பக்கம் கையை நீட்டினார். வழக்கு வைத்தவர்களில் ஒருவரான இந்த அம்மாவே ஜனவரியில் தலைவரோடு கதைத்து உடன்பட்டிருக்கிறார் என்றார்.

உடன்பட்டிருக்கிறாராம். நான் இன்னும் ஓம் என்று சொல்லவில்லையே! சொல்லத்தான் வந்திருந்தேன். ஆனால் நான் சொல்ல முதலே அவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாஸ்ரர் தலையைக் குனிந்தார். அப்போது செலஸ்ரீனா எழும்பினாள். இந்த அக்காவை எனக்குத் தெரியும், அப்படிச் செய்கிற ஆள் இல்லை என்று அந்த மழை இத்தாலியனில் சொல்லத் தொடங்கினாள். எனக்காக. என்னைக் காப்பாற்ற.

அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வேறு எதையும் பொறுத்திருப்பேன். இவள் எனக்கு நற்சான்று கொடுக்க, அதுக்குக் கீழ நான் ஒதுங்கி நிக்கிறதோ? அவள் சொல்வது பொய்யும்கூட. நான் அப்படிச் செய்கிற ஆள்தான். செய்ய வந்தவள்தான்.

அவளைக் கதிரையில் இருக்கச் சொன்னேன். பிறகு நீதிபதியிடம் என் சமையலறை இத்தாலியனில் சொன்னேன். தலைவர் என் வீட்டுக்கு வந்தார். நான் கோப்பி கொடுத்தேன். கேட்டுக்கொண்டிருந்தேன். இல்லை என்று சொல்லவில்லை. ஓம் என்றும் சொல்லவில்லை.

என்ன கேட்டார் என்றார் நீதிபதி.

எங்கள் பக்கத்து வீடுகளை மட்டும் எடுத்து நான் வெல்லுகிற இடத்தில் போடுகிறேன் என்றார். நான் வழக்கை விடவேண்டும் என்றார்.

"மற்ற வீடுகள்?"

"அப்பிடியே கிடக்கட்டும் எண்டார்."

நீதிபதி பேனாவை வைத்துவிட்டு விமலராஜ் அண்ணையைப் பார்த்தார். அப்படியென்றால் இந்தக் கோடுகளை நீங்கள் நினைத்தபடி யாருக்காகவும் நகர்த்தலாமா என்று கேட்டார். அவருடைய வக்கீல் அவசரமாக எதையோ சொன்னார். நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

வெளியே படிக்கட்டில் செலஸ்ரீனா எனக்காகக் காத்து நின்றாள். அழவில்லை. குரல்மட்டும் இறங்கியிருந்தது.

"எனக்கு எதிரா நிக்கிறதெண்டால் நேரா நில்லுங்கோ அக்கா. நானும் நேரா நிப்பன்."

பிறகு குடையை றோபேட்டிடமிருந்து வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். காரில் நானும் அவரும் மட்டும். கனதூரம் வந்தபிறகு, "எனக்கு ஏன் சொல்லேல்லை?" என்றார்.

"நீங்கள் ஆரின்ர பக்கம் எண்டு எனக்குத் தெரியேல்லை."

அவர் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

11 மார்ச், செவ்வாய்

தீர்ப்பு முடிவாக வரக் காலம் எடுக்குமாம். அதுவரை கமிற்றியின் மாற்றம் செல்லாது, தேர்தல் பழைய வட்டாரங்களில்தான் என்று நீதிமன்றம் எழுதிவிட்டது. சீசா திரும்பச் சீசாவாகிவிட்டது. தெருவில் ஒரே ஆரவாரம். என் கதவையும் தட்டினார்கள், சிலபேர். சிலபேர் தட்டவில்லை.

31 மார்ச், உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்த நாள்

சீசாவில் நான் நிற்கிறேன். விமலராஜ் அண்ணையின் ஆள் நிற்கிறார். செலஸ்ரீனாவும் நிற்கிறாள்.

அவளாக வந்து சொன்னாள், வேறு ஆக்கள் சொல்லி நான் அறியக்கூடாதாம். நல்லது என்றேன். கதவைச் சாத்தினபிறகு தாச்சியைத் தேய்த்தேன், அடி தெரியும்வரைக்கும்.

வகுப்பை நான்தான் முதலில் கேட்டேன். கோட்டால் வெட்டுப்பட்டது நான். திரிபுனாலேயில் மானம் போனது எனக்கு. பலன் மட்டும் அவளுக்கோ?

20 ஏப்ரல், ஞாயிறு

கோயில் மண்டபத்தில் தேர்தல். தெருவின் இரண்டு பக்கத்துச் சனமும் ஒரே வரிசையில் நின்றது. றோபேட் எனக்கு முன்னால் நின்றார். யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

செலஸ்ரீனா வென்றாள். நான் இரண்டாவது. அண்ணையின் ஆள் எங்கேயோ பின்னால்.

கையைக் கொடுத்தேன். அவளுடைய கை ஐஸ் மாதிரிக் குளிர்ந்திருந்தது. பயந்திருக்கிறாள், என்னை மாதிரியே. அதைக் கண்டதும் கொஞ்சம் சந்தோசமாக இருந்தது. வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

25 ஏப்ரல், வெள்ளி, விடுமுறை

விமலராஜ் அண்ணை மறுபடி வந்தார். இந்தமுறை றோபேட் வீட்டில் இருந்தார். எழும்பிப் போகாமல் கூடவே இருக்கச் சொன்னேன்.

அண்ணை தலைவர் பதவியைக் காப்பாற்றிக்கொண்டார், ஆனால் முகம் நன்றாக விழுந்துவிட்டது. சீசாத் தேர்தலில் குளறுபடி என்று முறையிடலாமாம். மண்டபத்தில் செலஸ்ரீனாவின் ஆட்கள் அதிகமாக நின்றார்களாம், தோற்ற நான் கையெழுத்து வைத்தால் திரும்ப நடத்த வைக்கலாமாம். அவருக்கு இன்னும் என் முகத்தை வாசிக்கத் தெரிகிறது. அவர் வாசித்தது பிழை இல்லை, அந்த எரிச்சல் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

மண்டபத்தில் நானும்தானே நின்றேன். என் ஆட்களும்தான் நின்றார்கள்.

"அண்ணை," என்றேன், "போன வருசம் நீங்கள் என்னை வெட்டினீங்கள். அது வேறை. இந்தமுறை நான் தோத்தனான்."

கோப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் போனார்.

நாளைக்கு அவளுடைய முதல் கமிற்றிக் கூட்டம். யார் வேண்டுமானாலும் போய் இருந்து கேட்கலாம். சனிக்கிழமை வகுப்பைப் பற்றி அவள் கேட்கிறாளா, எப்படிக் கேட்கிறாள் என்று பார்க்கவேண்டும். முன்வரிசையில்தான் இருப்பேன். அடுத்த தேர்தலுக்கு இரண்டு வருசம் இருக்கிறது.