தாராவுக்கும் மானுக்கும் ஒரே துவக்கு

பெப்ரவரி 8, சனி

இந்த நாட்டுக் கோடை, வடக்குக் காத்து. முப்பத்தெட்டு டிகிரி எண்டு ரேடியோ. தக்காளிக்கு ரெண்டு தரம் தண்ணி. முழங்காலுக்கு எண்ணெய்.

பழைய வேட்டைக் கூட்டாளி ராசையா போனில கூப்பிட்டான். முஸ்லிம் அண்ணனுக்குச் சொல்லுற நானாதான் அவனுக்கு நான். ஆரோ ஒரு கிழவன் செத்து, அவன்ரை துவக்கு கடையில விலைக்கு வந்திருக்காம். ரெட்டைக் குழல், பக்கத்தோட பக்கம். மலிவாம். "நானா, உங்கடை பழைய சாமானை உரிச்சு வைச்ச மாதிரி. வந்து பாருங்கோ."

என்ரையை வித்து ஆறு வருசம். மனிசி மரியம் கடைசியாப் படுக்கையில விழுந்த வருசம். அவ பக்கத்தில இருந்து எழும்ப மனமில்லை, பிறகு துவக்கு என்னத்துக்கு. லைசென்சை மட்டும் விடாமல் புதுப்பிச்சு வந்தனான். ஏனெண்டு ஆரும் கேக்கேல்லை, நல்லது.

இப்ப எழுபத்தாறு. இந்த வருசம் வேட்டைக்குப் போகாட்டி இனி இல்லை. நோன்பு வர மூண்டு கிழமை. பெருநாள் முடிய, குளிர் இறங்க முந்தி, சார்லியின்ரை பண்ணைக்கு. சார்லி எங்கடை பாக்டரி போர்மன், மால்டாக்காரன். ஆள் மௌத்தாகிட்டான். மகன்காரன் வாங்கோ எண்டுதான் சொல்லுறான்.

மகள் சபீனாவுக்குச் சொன்னன். நேர்ஸ் வேலை, ராத்திரி டியூட்டி முடிச்சு வந்து நித்திரைக் கண். "வாப்பா, சீரியஸாவா?" எண்டா. பிறகு குசினியில சட்டி பானை எல்லாம் சத்தமா வைச்சா.

வேண்டியது:
ஒரே துவக்கு, தாராவுக்கும் மானுக்கும்.
பாரம் குறைய.
பென்சன்காசுக்கு அடங்க.

பெப்ரவரி 10, திங்கள்

வெக்கை விட்டிட்டுது. ராசையாவின்ரை காரில கடைக்கு. கடைக்காரன் பெரிய தாடி, மெல்லிய குரல். மரியாதையான ஆள்.

செத்தவன்ரை துவக்கு வடிவுதான். தோளில வைக்கக் கண் கலங்கினது உண்மை. ஆனா உதவாது. குழலின்ரை வாய் ஒடுக்கம், மாத்த ஏலாது. அந்த நாளையில தோட்டாவுக்குள்ள ஈயச் சன்னம், வாய் ஒடுக்கமெண்டா நல்லது. இப்ப தாராவுக்கு ஈயம் கூடாது, உருக்குச் சன்னந்தான். ஒடுங்கின வாயால உருக்குப் போனா குழல் வீங்கும் எண்டான். மானுக்கு ஒத்தைக் குண்டு, அதுக்கும் இது சரிவராது. ராசையாவின்ரை முகம் செத்துப் போச்சு.

புதுசு ரெண்டு காட்டினான். ரெண்டும் துருக்கிச் சாமான், குழல் மேலும் கீழுமா, வாய் கழட்டி மாத்தலாம். ஒண்டு பன்ரெண்டு கேஜ், குழல் பெருசு: தாரா, மான் ரெண்டுக்கும் காணும், ஆனா இரும்புக்கட்டி. மற்றது இருபது கேஜ், குழல் சின்னன்: கை அறியாத பாரம், கிட்டத்துத் தாராவுக்குப் போதும், மானுக்கு அவ்வளவு சொல்லமாட்டன் எண்டான். விலை ஏறக்குறைய ஒண்டு.

எனக்குப் பன்ரெண்டில கண். அந்த ஒரு மான் ஞாபகம். பண்ணை வேலியடி, பனி, ராசையாவின்ரை ஒத்தைக் குண்டு. மரியம் பாதியைக் கறியாக்கி, மீதியை உப்புப் பிரட்டி, உடுப்புக் காயப்போடுற கம்பியில வத்தல் போட்டா. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி வேலிக்கு மேலால எட்டிப் பாத்து, அது என்ன சொக்ஸோ எண்டு கேட்டவ.

பெப்ரவரி 11, செவ்வாய்

காலமை முன்னால இருக்கிற மைதானத்தில பரீட்சை. எனக்குத்தான்.

எங்கடை முறை இதுதான். நான் சுட்டாலும் ராசையா சுட்டாலும், விழுந்த தாரா உயிரோட இருக்கவேணும். நான் ஓடிப்போய், அல்லாவின்ரை பேரில பிஸ்மி சொல்லி, கத்தியால அறுக்கவேணும். சன்னம் பட்டே செத்தது எனக்கு ஆகாது, என்ரை வாப்பா காலத்திலயிருந்து அப்படி. ராசையா சைவசமயம், அவனுக்கு ஒரு கட்டுமில்லை. ஆனாலும் செத்து விழுந்ததைச் சார்லிக்குக் குடுத்திடுவான், தான் தொடான். நானா தின்னாததை நான் என்னெண்டு தனியத் தின்னுறது எண்டு ஒருக்கா சொன்னவன். பிறகு அந்தக் கதையே இல்லை. இருபது சீசன் அப்படி. சேத்துக்குள்ளால நான் ஓட, பின்னாலயிருந்து "ஓடுங்கோ நானா, ஓடுங்கோ" எண்டு அவன் கத்த. ஒரு தரம் சப்பாத்து ரெண்டையும் சேறு இழுத்துப்போட்டுது. வெறுங்காலோட பிடிச்சு அறுத்தனான். எனக்கு அப்ப நாப்பத்தஞ்சு.

இண்டைக்கு அவன் என்ரை செருப்பைத் தூக்கி எறிஞ்சான், நாப்பது அடி இருக்கும். ஓடினன். நடந்தன். ஒருக்கா நிண்டன். நாய் கொண்டுவந்த பெட்டையொருத்தி, ஏதும் துலைச்சிட்டீங்களோ எண்டு கேட்டா.

திரும்பி வர ராசையா சொன்னான்: "நானா, நீங்கள் போய்ச் சேரத் தாரா செத்து, முப்பத்தொண்டாம் நாள் அந்தியேட்டியும் முடிஞ்சிருக்கும்."

சிரிச்சம். வீட்டை வந்து சிரிப்பு வரேல்லை.

பெப்ரவரி 14, வெள்ளி

ஜும்மாவுக்குப் பிறகு மௌலவியைக் கேட்டன். இளம் பொடியன், நல்ல ஓதல். விசை இழுக்கேக்க பிஸ்மி சொன்னாப் போதும் எண்டு சொல்லுற ஆலிம்களும் இருக்கினம், வயசான ஆள், அதை எடுத்துக்கொள்ளுங்கோ எண்டார்.

ராசையாவுக்குச் சந்தோசம். "மௌலவியே சொல்லிப்போட்டார். பிறகென்ன உங்களுக்கு?"

"மௌலவி சாப்பிடட்டும்," எண்டன்.

கோவிச்சுக்கொண்டு போனை வைச்சிட்டான். இவ்வளவு காலம் சேத்துக்குள்ள ஓடினது சும்மாவோ அப்ப? இதை அவனுக்குச் சொல்லேல்லை. இங்கதான் எழுதுறன்.

பெப்ரவரி 15, சனி

மழைத் தூத்தல். பெரிய பிழை விட்டிட்டன்.

ராத்திரி முழுக்க யோசிச்ச யோசனை: கால் ஓடாட்டி, சுடுற சாமானை மாத்துவம். தாராவை விழுத்தவேணும், ஆனா உடன சாகக்கூடாது, நான் போற வரைக்கும் உயிர் நிக்கவேணும். அப்படிச் சன்னம், அப்படி வாய் எது எண்டு கடைக்காரனைக் கேட்டன். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசில. விளங்கேல்லை எண்டு நினைச்சு ராசையா இன்னும் விளக்கினான், "நொட் டெட், ஸ்லோ டெட்" எண்டு.

தாடிக்காரன்ரை முகம் மாறிப் போச்சு. ரெண்டு துவக்கையும் எடுத்துத் திருப்பிப் பூட்டினான். கோபமில்லை, அதுதான் கூடச் சுட்டது. காயப்படுத்தி வைக்கிறதுக்கு நான் துவக்கு விக்கிறேல்லை எண்டான்.

காருக்குள்ள ராசையா வைப்பரைப் போட்டான், மழை விட்டிருந்தது, போட்டபடியே வந்தான்.

உயிர் போறதை நீட்டினவன் இல்லை நான். கத்தியை ஒரு நாளும் மொட்டையா வைச்சதில்லை. ஒரே இழுப்பு. அதை எந்தப் பாசையில சொல்லுறது.

பெப்ரவரி 22, சனி

ஒரு கிழமை எழுதேல்லை. மனமில்லை.

ராசையாதான் சபீனாவுக்குச் சொல்லியிருக்கிறான். துவக்கு வேண்டாமெண்டு சட்டி பானையோட சண்டை பிடிச்சவ, இண்டைக்கு டியூட்டி உடுப்போட வந்து, "ஏறுங்க வாப்பா காரில" எண்டா. வாங்கிறதுக்கில்லை, என்ரை வாப்பாவை அப்படி நினைச்சுக்கொண்டு ஒருத்தன் இருக்கக்கூடாது எண்டா. ராசையா முதலே பின் சீட்டில.

கடையில மேசைக்கு முன்னால நிண்டு சொன்னா. எல்லாம் விளங்கேல்லை. கத்தி, கழுத்து, இத்தனை செக்கன். சின்னனில இறகு பிடுங்கக் கூட இருந்ததையும் சொன்னா. அதை அவ ஞாபகம் வைச்சிருந்தது எனக்குத் தெரியாது. தாடிக்காரன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். பிறகு என்னட்டை வந்து கை தந்தான். விழுந்த தாராவை உடன எடுத்து முடிக்கவேணும், எங்கடை சட்டமும் அதுதான் எண்டான். பிறகு ஒரே ஒரு கேள்வி. அப்ப ஆர் ஓடுறது?

ராசையா முகட்டைப் பாத்தான். நான் முழங்காலைப் பாத்தன்.

"நான்," எண்டா சபீனா.

"விளங்காமல் கதைக்காத மகள்."

"வார்ட்டில ஒவ்வொரு நாளும் ஓடுறன் வாப்பா. பொம்பிளை அறுத்தாக் கூடாதோ?"

கூடும். தடை ஒண்டுமில்லை. ஆனா எங்கடை வீட்டில நடந்ததில்லை. ஊரில மரியம் கோழியைக் கமக்கட்டுக்குள்ள வைச்சுக்கொண்டு, அறுக்க ஆம்பிளை ஆரும் வருவினமோ எண்டு வாசல் படலையடியில நிப்பா. அரை மணித்தியாலம் நிண்ட நாளும் உண்டு. கோழி நித்திரையாப் போயிடும்.

கூடும் எண்டு சொன்னன்.

அவவுக்கு ஒரு நிபந்தனை. தாரா மட்டும். மான் ஏலாது, அந்தக் கண்ணைப் பாத்துக்கொண்டு செய்ய ஏலாது. பன்ரெண்டைத் திரும்ப ஒருக்காத் தூக்கிப் பாத்தன். பாரம். வைச்சன். இருபதுக்குப் பேப்பர் எழுதினம். பெர்மிட் வர நாள் எடுக்கும், பெருநாளைக்கு முந்தி வந்திடுமாம். பிடி எனக்குக் கொஞ்சம் நீளம், வெட்டித் தாறன் எண்டான், காசு வேண்டாமாம்.

வரேக்க ராசையா பின்னாலயிருந்து, மானை விட்டிட்டியளோ நானா எண்டு கேட்டான். விட்டிட்டன் எண்டன். அந்த வத்தல் இனி இல்லை எண்டான்.

பெப்ரவரி 24, திங்கள்

நல்ல வெயில். கார் விடுற காராச்சுக்குள்ள இருக்கிற துவக்குப் பெட்டிக்குள்ளயிருந்து பெயின்ட் டின் எல்லாம் வெளியில. பூட்டும் திறப்பும் வேலை செய்யுது.

பின்னேரம் சபீனா காட்டித்தரச் சொன்னா. துவாயைச் சுருட்டித் தாராவாக்கினன். செட்டையைக் காலுக்குக் கீழ அமத்திறது, கழுத்தை நீட்டிறது, முகம் தொழுற திசைக்கு, கிப்லாவுக்கு. பிஸ்மி சத்தமாச் சொன்னா, ஒரே இழுப்பு. வடிவா வந்தது. நான் கூட முதல் நாள் அப்படிச் செய்யேல்லை.

ரெண்டாந்தரம் செய்யேக்கதான் கண்டன். கத்தி இடக்கையில. அவ இடக்கைக்காரி எண்டதே எனக்கு மறந்து போச்சு. எங்கடை ஆக்கள் அறுக்கிறது வலக்கையாலதான்.

வலக்கைக்கு மாத்தச் சொல்லிப் பாத்தன். கை நடுங்குது, இழுப்பு இழுப்பா இல்லை. திரும்ப இடக்கைக்கு மாத்தினா. ஒரே இழுப்பு.

மௌலவியைக் கேக்கலாம். கேக்கமாட்டன்.