பஸ்ஸர் மேல் ஒட்டிய பிளாஸ்திரி

ஆகஸ்ட் 14, வியாழன்

காலை 9.40. அத்தானின் சர்வரை இதுவரை ஏழு முறை ஆன் செய்தாயிற்று. ஏழு முறையும் கறுப்புத் திரையில் ஒரே வரி: பூட் செய்ய டிஸ்க் இல்லை. இல்லையாம். உள்ளே இரண்டு இருக்கின்றன. நான்தான் வாங்கி மாட்டினேன்.

அக்கா அறைவாசலிலேயே நிற்கிறாள். நேற்று தூசி தட்டுவதற்காக பிளக்கைப் பிடுங்கியிருக்கிறாள். திரும்பச் செருகியதும் வரவில்லை.

"நான் பிடுங்கினதாலதானாடா?"

"இருக்கலாம்" என்றேன்.

அத்தான் போய் இரண்டு மாதம். குரல் கொடுப்பது அவர் தொழில். பல லிஃப்ட்களில் இன்னும் அவர்தான் கதவு மூடுகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். தொண்டையில் புற்று. குரல் முழுக்கப் போவதற்குள் மகளுக்காகக் கதை பதிவு செய்தார் — மேடு பள்ளம் எதைப் பார்த்தாலும் நடுங்கும் ஒரு லாரியின் கதை. லாரி பாலத்துக்கு முன்னால் வந்து நின்றது வரை குட்டிக்கு நேரிலேயே சொல்லியிருக்கிறார். அப்புறம் முதலிலிருந்தே பதிவு, இந்த அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு. சாத்தினால் வெளியே ஒன்றும் கேட்காது. "முடிச்சிட்டுத் தரேன், மொத்தமா கேளுங்க" என்பாராம்.

முடித்தாரா? அது இந்தப் பெட்டிக்குத்தான் தெரியும்.

மதியம். மேலும் நான்கு முறை. இரண்டாவது டிஸ்க்கிலிருந்து டிக், டிக் என்று சத்தம். கேபிளை மாற்றினேன், இடத்தை மாற்றினேன், பக்கவாட்டில் தட்டிக்கூடப் பார்த்தேன். சனியன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருக்கலாம்.

இரண்டு டிஸ்க்கும் ஜோடி. ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே பதியும். ஒன்று செத்தால் மற்றது தாங்கும். இவ்வளவுதான் ரெய்டு. ஜோடியைக் கவனித்துக்கொள்ளும் கன்ட்ரோலரின் குறிப்பைப் பார்த்தேன். மார்ச் 3: முதல் டிஸ்க்கில் கோளாறு, எச்சரிக்கை. மார்ச் 12: முதல் டிஸ்க் ஜோடியிலிருந்து கழன்றுவிட்டது. அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் இரண்டாவதில் மட்டும். டிக் டிக் என்கிறதே, அதில்.

எச்சரிக்கை வந்த நொடியிலிருந்து பஸ்ஸர் வீல் வீலென்று கத்தியிருக்க வேண்டும். நானே வைத்த ஏற்பாடு. "கத்தினா உடனே எனக்கு போன் பண்ணுங்க அத்தான்" என்று சொல்லியிருந்தேன். போன் வரவில்லை. ஏன் வரவில்லை?

பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பினேன். பஸ்ஸரின் துளை மேல் பிளாஸ்திரி. கடையில் விற்கும் டேப் இல்லை, மருத்துவமனையில் டிரிப்ஸ் ஊசி நகராமல் கையில் ஒட்டுவார்களே, அது. ஓரத்தில் இரண்டு ரோமம்கூட ஒட்டியிருக்கிறது. கையிலிருந்து பிய்த்து ஒட்டியிருக்கிறார்.

மைக்கில் சத்தம் விழக் கூடாது. அவ்வளவுதான் அவருக்கு. வேறு யாராவது இருந்தால் எரிச்சலில் எனக்கு போன் போட்டிருப்பார்கள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

டேட்டா மீட்பவரிடம் இரண்டு டிஸ்க்கையும் கொடுத்தேன். அவர் கடைத் தெருவில் அவருக்கு டிஸ்க் டாக்டர் என்று பெயர். இரண்டாவதைக் காதருகே வைத்து லேசாக ஆட்டிப் பார்த்தார்.

"சத்தம் வந்தப்புறம் எத்தனை தடவை ஆன் பண்ணீங்க?"

"முதல்ல ஏழு. அப்புறம் நாலு."

"தம்பி, இது டிஸ்க்கா, டார்ச் லைட்டா?"

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

டிஸ்க் டாக்டருக்கு நாலு தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை. ஐந்தாவது அடிக்காமல் போனை மேஜையறைக்குள் போட்டுப் பூட்டினேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

முதல் டிஸ்க் பிழைத்தது, புதியதில் நகலெடுத்துத் தந்தார். இரண்டாவது முடிந்தது. உள்ளே தட்டு முழுக்கக் கீறல். ஆன் செய்தபோதெல்லாம் ஊசிமுனை மாதிரி ஒன்று உரசி உரசி எழுத்தையே சுரண்டி எடுத்திருக்கிறது.

"முதல் தடவையே நிறுத்திக் கொண்டுவந்திருந்தா?" என்று கேட்டேன்.

"விடுங்க தம்பி." அதுதான் பதில்.

மார்ச் 12 முதல் கடைசி வரை. போயிற்று.

அக்காவிடம் மறைக்கவில்லை. சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உன் பிளக் இல்லக்கா. அது சாகப்போற டிஸ்க்தான், ஆனா உள்ள இருந்ததை எடுத்திருக்கலாம். நான்தான் திரும்பத் திரும்பப் போட்டு அழிச்சிட்டேன்."

குழாயை மூடினாள். கையைப் புடவையில் துடைத்தாள்.

"பன்னெண்டு நாளா நான்தான்னு நினைச்சுத் தூங்கலைடா" என்றாள். அப்புறம், "நீ சாப்டியா?"

திட்டித் தொலைத்திருக்கலாம். ஏன் திட்டவில்லை?

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மாலை. பூட் ஆயிற்று. முதல் தடவையிலேயே.

திரையில் மார்ச் 12 அப்படியே நிற்கிறது. மறுவாரத்துக்கு ஒரு விளம்பரப் பதிவு என்று ஓரத்தில் நினைவூட்டல். பெட்டிக்கு ஒன்றும் தெரியாது.

லாரி கதையின் பகுதிகள் ஆறு இருந்தன. அக்கா குட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். மூன்றாவதில், மார்ச் 3 தேதியிட்டதில், லாரி ஏற்றத்தில் மூச்சிரைத்துக்கொண்டிருக்கும்போது வீலென்று சத்தம். அத்தான் குரல், பாதி கரகரத்துப் போன குரல்: "குட்டி, உங்க மாமா பெட்டி கத்துது பாரு. அவனை மாதிரியே, பொறுமையே கிடையாது. இரு, வாயை அடைச்சிட்டு வரேன்." நாற்காலி நகர்கிறது. பிளாஸ்திரி பிய்க்கும் சத்தம். ஸ் என்று ஒரு வலி. அமைதி. "ம். எங்க விட்டோம்?"

குட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். "மாமா பெட்டி இன்னொரு தடவை." மூன்று தடவை போட்டோம். அக்காவும் சிரித்தாள், முகத்தைத் துடைக்காமலே.

ஆறாவதில் லாரி பாலத்துக்கு முன்னால் நிற்கிறது. அதோடு முடிகிறது.

இனி:

1. புதிய டிஸ்க்குக்கு நாளையே இன்னும் இரண்டு நகல். ஒன்று என் வீட்டில், ஒன்று அக்கா பீரோவில்.
2. எச்சரிக்கை வந்தால் என் போனுக்கு நேராக வர வேண்டும். யாராவது சொல்வார்கள் என்று காத்திருப்பதில்லை.
3. செத்த டிஸ்க்கை அக்கா கேட்டாள். கொடுத்துவிடுவது. இன்னொரு தடவை போட்டுப் பார்ப்பதில்லை.
4. பிளாஸ்திரியைப் பிரிப்பதில்லை.
5. லாரி பாலத்தைத் தாண்டியதா என்று குட்டி கேட்டால், தெரியாது என்று சொல்வது. நானாக ஒரு முடிவு கட்டுவதில்லை.