இருப்பில் இல்லாத குழாய்கள்

ஸ்டோர் அறை,
புதன்கிழமை.

பாப்பாவின் அப்பாவுக்கு,

நானும் பாப்பாவும் நன்றாக இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. போனில் உங்களோடு பேசச் சொன்னால், நீங்கள் பார்த்துவிடுவீர்கள் என்பதுபோல வாயைப் பொத்திக்கொள்கிறாள். மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

எதற்குத் திடீரென்று கடிதம் என்று யோசிப்பீர்கள். போனில் பேசினால் உங்கள் அறையில் இருக்கும் எட்டுப் பேரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். இது எட்டுப் பேர் கேட்கிற விஷயம் இல்லை. தண்ணீர் லாரி டிரைவரின் தம்பி வெள்ளிக்கிழமை விமானத்தில் உங்கள் கம்பெனிக்கே வேலைக்கு வருகிறான். அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் போடுகிறார்கள், மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொன்னீர்கள் அல்லவா? இதைக் கடைசி வரி வரை படித்துவிட்டு அந்தக் காகிதத்தைத் தொடுங்கள்.

பதறாமல் படியுங்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. என் வேலை போகவில்லை, ஜெயிலுக்கும் போகவில்லை. இரண்டுக்கும் பக்கத்தில் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன், அவ்வளவுதான். நான்கு வருடமாக உங்களிடம் ஒன்றை மறைத்திருக்கிறேன். திட்டுவதானால் மொத்தமாகக் கடைசியில் திட்டுங்கள்.

பாதிக் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும், ஸ்டோர் கீப்பர் புத்தி. ஆற்றங்கரைச் சுத்திகரிப்பு நிலையமும் அங்கிருந்து ஊருக்கு வரும் பெரிய குழாயும் வெளிநாட்டு வங்கிக் கடனில் கட்டியவை. நிலையம் முடிந்தது. குழாய் முக்கால்வாசி வந்தது. கடைசி ஒரு கிலோமீட்டருக்குப் பள்ளம் தோண்டி, குழாய்களைக் கரையில் வரிசையாகக் கிடத்தியிருந்தபோதுதான், வெளியில் வாங்கிய கடனைக் கட்ட முடியவில்லை என்று அரசாங்கம் கையை விரித்தது. கம்பெனிக்காரர்கள் ஒரே வாரத்தில் ஆபீஸைப் பூட்டிக்கொண்டு போனார்கள். உங்களையும் சேர்த்து ஃபிட்டர்கள் எல்லாரையும் நின்ற நிலையில் வீட்டுக்கு அனுப்பினார்கள். பெட்ரோலுக்கு இரண்டு நாள் வரிசை, மருந்துக் கடையில் பாதி அலமாரி காலி, அரசாங்கச் சம்பளக்காரியான எனக்கும் பாதிச் சம்பளம். ஆறு மாதம் பார்த்துவிட்டு நீங்கள் ஏஜென்டிடம் கடன் வாங்கி விமானம் ஏறினீர்கள்.

நீங்கள் போன மறு மாதம் தலைநகரிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. வேலை நின்றுபோன இடங்களில் கிடக்கும் பொருள்களை எல்லாம் ஏலம் விட்டுப் பணமாக்கப் போகிறார்களாம், இருப்புப் பட்டியலோடு தயாராக இருக்க வேண்டுமாம். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நூற்று அறுபத்து நான்கு குழாய். பழைய இரும்பு விலைக்கு எடைபோட்டு எடுத்துக்கொண்டு போவார்கள். குழாய் போய்விடும், அதை வாங்கிய கடன் மட்டும் நம் தலையிலேயே நிற்கும், வட்டியும் அதுபாட்டுக்கு ஏறும். பாப்பா பிறந்தபோது, பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் இவ்வளவு வெளிக்கடன் என்று பத்திரிகையில் கணக்குப் போட்டிருந்தார்களே, நினைவிருக்கிறதா? அவள் பங்கில் ஒரு மடக்குத் தண்ணீராவது அவள் குடிக்க வேண்டாமா?

அதனால் ஒரு காரியம் செய்தேன். காவலாளி டார்ச் அண்ணனையும், ஊரில் மிச்சமிருந்த ஃபிட்டர்கள் ஐந்து பேரையும் கூட்டினேன். முக்காலி நட்டு, செயின் போட்டு, ஒன்பது நாளில் அத்தனை குழாயையும் தோண்டிக் கிடந்த பள்ளத்துக்குள் இறக்கினோம். யாருக்கும் கூலி இல்லை. ஒன்றோடொன்று இணைக்கவில்லை, அதற்கு ஆளும் கருவியும் எங்கே? ஒவ்வொன்றின் இரண்டு முனையிலும் சாக்கைக் கட்டி, மேலே மண்ணைத் தள்ளி மூடிவிட்டோம். பதிவேட்டில் ‘குழாய்கள் பதிக்கப்பட்டன, இருப்பு இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஏலக்காரர்கள் வந்து பார்த்தார்கள். பிடி இல்லாத மண்வெட்டி இரண்டும் ஒரு தகர டிரம்மும்தான் கிடைத்தன. டிரம்மை எடுத்துக்கொண்டு போனார்கள்.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்றால், நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். “ஊர்ல இல்லாத அக்கறை உனக்கு எதுக்கு?” என்பீர்கள். அதற்கு நான் வைத்திருந்த பதில் எட்டுப் பேர் கேட்கிற போனில் சொல்லக்கூடியது இல்லை.

இனிமேல் வருவது உங்களுக்குத் தெரியாத பாதி. நான்கு மாதத்துக்கு முன்னால், கடன் கொடுத்தவர்கள் எல்லாரும் ஒரு மேஜையில் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒரு பங்கைத் தள்ளுபடி செய்துவிட்டு, மிச்சத்தைக் கட்டப் பதினைந்து வருடம் தவணை கொடுத்திருக்கிறார்கள். பாதியில் நின்ற வேலைகளை முடிக்கவும், முன்பு கொடுக்காமல் நிறுத்திவைத்த பணத்தைக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார்கள். எந்தெந்த வேலை என்று பட்டியல் வந்தது. நகராட்சித் தலைவர் வெடி வெடிக்காத குறையாக ஓடி வந்து பட்டியலைத் தேடினார். பக்கத்து ஊர்ப் பாலம் இருந்தது, எங்கோ ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. நம் ஊர்க் குழாய் மட்டும் இல்லை. விசாரித்தால், உங்கள் வேலை முடிந்துவிட்டதே, பதிவேட்டில் பதித்தாகிவிட்டது என்று இருக்கிறதே என்கிறார்கள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏலக்காரனை ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டு ஊரையே ஏமாற்றியிருக்கிறேன். தெருக்குழாய்த் தூண்கள் எல்லாம் வறண்டு நிற்கின்றன, சனங்கள் தண்ணீர் லாரியின் பின்னால் குடத்தோடு ஓடுகிறார்கள், அரசாங்கக் கணக்கில் நாம் நான்கு வருடமாகக் குழாய்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறோம். தலைவர் அமைச்சர்வரை திட்டித் தீர்த்தார். நான் பக்கத்தில் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். டார்ச் அண்ணனிடம் யோசனை கேட்டால், “வாயைத் திறந்தா உன் வேலை போகும், திறக்காட்டித் தண்ணி வராது. நான் தூக்கினது குழாயை மட்டும்தான், எழுதினது நீதாம்மா” என்று நழுவிவிட்டார்.

மூன்று நாள் யோசித்தேன். நாலாம் நாள் பாப்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, பதிவேடுகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு தலைநகருக்குப் பஸ் ஏறினேன். உங்களிடம் போனில், பல்வலி, பேச முடியவில்லை என்று சொன்னது அன்றைக்குத்தான். பல்லுக்கு ஒன்றும் இல்லை.

வெளிநாட்டுக் கடன் பிரிவு மூன்றாவது மாடியில் இருக்கிறது. அங்கே அதிகாரி ஒரு பெண்மணி. மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பேர் கேட்கும் தைரியம் வரவில்லை, எனக்குள் கண்ணாடி அம்மா என்று வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் ஐந்து மணி நேரம் மனப்பாடம் செய்த பேச்சை நான் தொடங்குவதற்குள் அவர் பதிவேட்டைப் புரட்டத் தொடங்கிவிட்டார். நான்கு பக்கம் புரட்டியதும் நிமிர்ந்து, “நூத்தி அறுபத்து நாலு குழாய் பதிச்சாச்சுன்னு எழுதியிருக்கீங்க. நூத்தி அறுபத்து நாலு ரப்பர் வளையமும் ஸ்டோர்லயே இருக்குன்னும் எழுதியிருக்கீங்க. அப்போ குழாயை எதை வெச்சும்மா சேர்த்தீங்க, கோந்து வெச்சா?” என்று கேட்டார்.

குழாய்க்குக் குழாய் இணைக்கிற அந்த வளையங்கள், வெயில் பட்டால் கெட்டுப்போகும் என்று நீங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்கள். ஏலக்காரனுக்கு ரப்பர் வேண்டாம், விட்டுவிட்டான். நானும் அதைப் பவுடர் போட்டு வைத்து, மாதாமாதம் எண்ணி, ஒன்று குறையாமல் இருப்பில் எழுதிக்கொண்டே வந்திருக்கிறேன். பெரிய பொய்யை எழுதிய அதே கையால், அதற்கு அடுத்த பக்கத்திலேயே உண்மையை நாற்பத்தாறு மாதம் எழுதியிருக்கிறேன். இப்படி ஒரு கள்ளி உலகத்தில் இருப்பாளா? எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். அப்புறம், இந்தப் பதிவேட்டின் நகல் மாதாமாதம் இந்த ஆபீசுக்கு வந்திருக்கிறது, ஒருவரும் படிக்கவில்லை என்று சொன்னார். “நீங்க பொய் எழுதினதும் தப்பு, நாங்க படிக்காததும் தப்பு. ஆனா உங்க தப்புக்கு மட்டும்தான் விதியில தண்டனை இருக்கு” என்றார். பட்டியல் முடிய இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது, வங்கியின் இன்ஜினியர் கண்ணால் பார்த்துச் சரி என்று சொன்னால் சேர்க்க வழி உண்டு, குழாய் அங்கே இல்லாவிட்டாலோ கெட்டுப்போயிருந்தாலோ தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொன்னார்.

அடுத்த திங்கட்கிழமை அந்த வெளிநாட்டு இன்ஜினியரைக் கூட்டிக்கொண்டு அவரே வந்தார். ஊரே கூடிவிட்டது. எந்தக் குழாய் எங்கே என்று நான் குறித்துவைத்திருந்த நோட்டைப் பார்த்து, இன்ஜினியர் நூற்று மூன்றாவது குழாயைத் தோண்டச் சொன்னார். மின்கம்பத்திலிருந்து ஏழு அடி என்று குறித்திருந்தேன். தோண்டினார்கள். ஆள் மட்டத்துக்குத் தோண்டியும் வெறும் மண்தான். யாரோ பின்னாலிருந்து, “எப்பவோ வித்துத் தின்னுட்டாங்க” என்று சொன்னது காதில் விழுந்தது. அப்போதுதான் டார்ச் அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, “அந்தக் கம்பம் போன மழையில சாஞ்சு, ரோட்டுப் பக்கமாத் தள்ளி நட்டாங்கம்மா” என்றார். இதை முன்னாடியே சொல்ல மனிதருக்கு என்ன? நான்கு அடி தள்ளித் தோண்டினார்கள். மண்வெட்டி இரும்பில் பட்ட சத்தம் கேட்டதும்தான் எனக்கு உயிர் வந்தது.

சாக்கை அவிழ்த்தார்கள். பட்டப்பகலில் எதற்கு டார்ச் என்று நாம் எல்லாரும் அவரைக் கேலி செய்வோமே, அந்த டார்ச்சை வாங்கி இன்ஜினியர் குழாய்க்குள் அடித்துப் பார்த்தார். அந்தப் பக்க முனைவரை சுத்தமாக இருந்தது. மேலும் பதினோரு இடத்தில் தோண்டச் சொன்னார். இரண்டில் மட்டும் மேல்பூச்சு உரிந்திருந்தது. கடைசியில் ஸ்டோருக்கு வந்து வளையத்தைக் கையில் எடுத்து இழுத்துப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். கண்ணாடி அம்மா அதைத் தமிழில் சொன்னார்: பன்னிரண்டு நாட்டில் வேலை பார்த்திருக்கிறாராம், கடன் வாங்கியவர்கள் பொருளை விற்றுவிட்டு இருக்கிறது என்று சொல்லித்தான் பார்த்திருக்கிறாராம், வைத்துக்கொண்டே இல்லை என்று எழுதியவர்களை இப்போதுதான் பார்க்கிறாராம்.

போன வாரம் உத்தரவு வந்துவிட்டது. நம் ஊர் பட்டியலில் சேர்ந்துவிட்டது. கூடவே எனக்கு ஓர் ஓலை: பொய்ப் பதிவுக்காக ஒரு வருடச் சம்பள உயர்வு நிறுத்தம். அதை இரண்டு தடவை படித்துச் சந்தோஷப்பட்டேன் என்றால் நம்ப மாட்டீர்கள். நான் மற்றவர்கள் பேரை எதிலும் எழுதவில்லை. டார்ச் அண்ணன் இப்போது அதற்கும் கோபித்துக்கொண்டிருக்கிறார். “ஒன்பது நாள் முதுகு ஒடிஞ்சது எனக்கு, தண்டனை மட்டும் உனக்கா?” என்கிறார். இதை எழுதும்போதுகூட வாசலில் நின்று முறைத்துவிட்டுப் போகிறார்.

கடன் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பாப்பா வேலைக்குப் போகிற வயதிலும் இந்த நாடு கட்டிக்கொண்டுதான் இருக்கும். வரியும் ஏற்றியிருக்கிறார்கள். ஆனாலும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு கட்டலாம். தொண்டை வறளக் கட்டிய காலம் போனால் போதும். பெட்ரோல் வரிசை போய்விட்டது, மருந்துக் கடையில் கேட்டது கிடைக்கிறது. எனக்கு முழுச் சம்பளம் இரண்டு மாதமாக வருகிறது.

நம் கடனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், உங்களைக் கேட்காமலே போய்விட்டேன். ஏஜென்டுக்கு இன்னும் எட்டுத் தவணை பாக்கி, அதற்காகத்தானே மறுபடி இரண்டு வருடம் என்கிறீர்கள்? நேற்று அவன் கடைக்கே போய், “நாட்டுக்கே பதினைஞ்சு வருஷம் கொடுத்திருக்காங்க, எனக்குப் பதினாறு மாசம் கொடுக்கக்கூடாதா?” என்று கேட்டேன். முதலில் முறைத்தான், அப்புறம் சிரித்துவிட்டான். பாதித் தவணையாகக் கட்டச் சம்மதித்திருக்கிறான். வட்டியில் கொஞ்சம் ஏற்றிக்கொண்டான், பிழைக்கத் தெரிந்தவன். என் சம்பளத்திலேயே கட்டிவிடலாம்.

இங்கே ஃபிட்டர் சம்பளம் அங்கே வாங்குவதில் பாதிகூட வராது. உங்களிடம் பூசி மெழுகப் போவதில்லை. குழாய் வேலை ஒரு வருடம் இருக்கும். அதற்குப் பிறகு பராமரிப்புக்கு இரண்டு பேரை நிரந்தரமாக வைப்பார்களாம்.

கண்ணாடி அம்மா அன்றைக்கு ஜீப்பில் ஏறும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இவ்வளவு துணிஞ்சு எதுக்கும்மா செஞ்சீங்க?” என்று கேட்டார். ஊருக்குத் தண்ணீர் வேண்டாமா என்றேன். அது பொய் இல்லை. ஆனால் குழாய்கள் போயிருந்தால், நீங்கள் திரும்பி வந்து செய்வதற்கு இந்த ஊரில் வேலையே இருந்திருக்காது. அதை அவரிடம் எப்படிச் சொல்வேன்? ஏல உத்தரவைப் படித்தபோது நான் முதலில் நினைத்தது அதைத்தான், ஊர் அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

குழாய் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் ஃபோர்மேனிடம் உங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதம் பதினைந்தாம் தேதிவரை ஓர் இடத்தை நிரப்பாமல் வைப்பதாகச் சொன்னார். அதற்கு மேல் அவரால் காத்திருக்க முடியாதாம். என்னாலும் முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொண்டு, பத்திரமாக வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா