கீழ்த்தளத்தில் காத்திருந்தவரை ‘வரவில்லை’ என்று எழுதியது பற்றி

அனுப்புநர்:
லவினா சவுந்தரநாயகம்,
சட்டத்தரணி, பன்மைத்துவ ஆலோசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.

பெறுநர்:
தலைவர்,
மாடிவீட்டு ஒதுக்கீட்டு மேன்முறையீட்டுச் சபை,
கொழும்பு.

(பதிவுத் தபாலில்)

விடயம்: முகத்துவாரம் திருமதி லுத்பியாவின் வீட்டு மாற்று விண்ணப்பம் தள்ளப்பட்டதை இரத்துச் செய்தலும், உங்கள் சுவரில் தொங்கும் சான்றிதழிலிருந்து எனது கையொப்பத்தை மீளப் பெறுதலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இவ்விடயமாக நான் எழுதும் இரண்டாவது கடிதம் இது. முதலாவதைச் செப்டெம்பர் 12ஆம் திகதி அனுப்பினேன். அதற்குப் பதிலாக உங்கள் அலுவலகத்திலிருந்து எனக்கு ஓர் அழைப்பு வந்தது. ‘அனைவரையும் உள்வாங்கல்’ என்ற தலைப்பில் இன்னொரு பயிற்சிப் பட்டறை நடத்தித் தர வேண்டுமாம். பகலுணவு வழங்கப்படும் என்றும் குறிப்பிட்டிருந்தது. நான் எழுதியதை ஒருவரும் வாசிக்கவில்லை என்பது அந்தப் பகலுணவிலேயே விளங்கிவிட்டது. இதையாவது வாசிக்கவும்.

2. என்னைத் தாங்கள் அறிவீர்கள். ஆயினும் கோப்புக்காகச் சொல்கிறேன். கொட்டாஞ்சேனையில் பிறந்தவள். தகப்பனார் துறைமுகத்தில் எழுதுவினைஞர். 1999இல் சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்து, பதினான்கு வருடங்கள் புதுக்கடை நீதிமன்றங்களில் வழக்குப் பேசினேன். அங்கே ஒருநாள், காது கேளாத ஒரு மனிதர் தன் பெயர் கூப்பிடப்பட்டது தெரியாமல் வாங்கில் உட்கார்ந்தபடியே வழக்கை இழந்தார். நான் வேறொரு வழக்குக்காக அவருக்கு அடுத்த வாங்கில்தான் இருந்தேன். ஆட்கள் தோற்ற பிறகு வாதாடுவதை விட, அலுவலகங்களுக்கு முதலிலேயே படிப்பித்தால் என்ன என்று யோசித்தது அன்றுதான். அன்றிலிருந்து வங்கி, வைத்தியசாலை, திணைக்களம் என்று ஏறி இறங்கி, தமிழ் பேசுபவரோடு, கண் தெரியாதவரோடு, நடக்க முடியாதவரோடு எப்படி நடந்துகொள்வது என்று சொல்லிக் கொடுத்து வருகிறேன். “சட்டத்தை விட்டிட்டு மரியாதை படிப்பிக்கப் போயிட்டாள்” என்று என் அண்ணன் ஒஸ்வால்ட் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

3. இவ்வருடம் மார்ச்சில் உங்கள் சபையைப் பரிசீலித்துச் சான்றிதழ் வழங்கியவளும் நானே. ‘இக்கட்டடம் சகலருக்கும் திறந்தது’ என்று மும்மொழியிலும் எழுதி, கண்ணாடிச் சட்டகம் போட்டு, கீழ்த்தள வாசலில் மாட்டியிருக்கிறீர்கள். மூன்றாம் மாடியில் குத்துவிளக்கு ஏற்றி, கட்லட்டும் பற்றிசும் தந்து, படமும் எடுத்தோம்.

4. செப்டெம்பர் 9ஆம் திகதி, அதே மூன்றாம் மாடியில் உங்கள் உத்தியோகத்தர்கள் இருபத்தைந்து பேருக்கு நான் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் விசாரணைகள் நடந்தன. பன்னிரண்டரைக்குக் கீழே இறங்கி வந்தால், சான்றிதழுக்கு நேர் கீழே சக்கர நாற்காலியில் ஓர் அம்மா இருக்கிறார். பாதுகாப்பு உத்தியோகத்தரிடம், “இந்த போர்ட்ல சைன் வெச்சீக்கிற மிஸ்ஸ ஒருக்கா கூப்பிடுங்களே மகன், அவங்களுக்குச் சரி வெளங்கும்” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். நான்தான் அந்த மிஸ் என்று சொன்னேன்.

5. அவர்தான் திருமதி லுத்பியா, வயது ஐம்பத்தெட்டு. சீனி வருத்தத்தால், அதாவது நீரிழிவால், வலது கால் முழங்காலோடு எடுக்கப்பட்டது. முகத்துவாரத்தில் ஒரு மாடிவீட்டுத் தொடரின் எட்டாம் மாடியில் மகள் பஸ்லாவுடன் வசிக்கிறார். அங்கே மின்தூக்கி வேலை செய்யும் நாட்கள் குறைவு. அதே தொடரில் கீழ்த்தள வீடொன்று காலியானதால், அதற்கு மாற்றித் தரும்படி விண்ணப்பித்தார். விசாரணைக்காக அன்று காலை, அவருடைய தெருவின் முச்சக்கரவண்டிச் சாரதிகள் இருவர் அவரை நாற்காலியோடு தூக்கி எட்டு மாடியும் இறக்கினார்கள். எட்டரைக்கே உங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். எட்டு மாடி இறங்கி வந்தவருக்கு உங்கள் மூன்று மாடி ஏற வழியில்லாமல் போனது.

6. வழி இல்லாமல் இல்லை. இங்கே மின்தூக்கி பெப்ரவரியிலேயே பொருத்தி முடிந்து, மின்சாரமும் வந்து, வேலை செய்கிறது. ஆனால் திறப்பு விழா நடக்கவில்லை. பிரதம அதிதிக்கு நேரமில்லாமல் நான்கு தடவை தள்ளிப் போயிருக்கிறது. அதுவரை நாடாவை அறுக்கக் கூடாது, கதவின் பொலித்தீனைக் கழற்றக் கூடாது, மின்தூக்கியின் திறப்புச் சாவி நிர்வாக உத்தியோகத்தரின் மேசை லாச்சிக்குள் இருக்க வேண்டும் என்பது உத்தரவு. பாதுகாப்பு உத்தியோகத்தர் மூன்று தடவை மேலே தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். (அவர் மேல் கை வைக்க வேண்டாம். அன்று அக்கட்டடத்தில் மனிதனாக நடந்தவர் அவர் ஒருவர்.) மேலே முகாமைத்துவ உதவியாளர் விசாரணை அறை வாசலில் நின்று, விதிப்படி பெயரை இரண்டு தரம் கூப்பிட்டு, ‘சமூகமளிக்கவில்லை’ என்று எழுதினார். விண்ணப்பம் தள்ளப்பட்டது. நான் பக்கத்து அறையில் இருந்தேன் ஐயா. அந்தப் பெயர் கூப்பிடப்பட்டது எனக்குக் கேட்டது. நான் அப்போது, சக்கர நாற்காலியில் வருபவரோடு குனிந்து கதைக்க வேண்டும் என்று படிப்பித்துக்கொண்டிருந்தேன்.

7. என் பிழையையும் எழுதிவிடுகிறேன். என் பரிசீலனைப் படிவத்தில் ‘மின்தூக்கி’ என்ற கட்டத்துக்கு எதிரே ‘உண்டு’ என்று நானே சரி போட்டேன். நாடாவைக் கண்டேன், பொலித்தீனைக் கண்டேன். ஏப்ரலில் திறப்போம் என்ற உங்கள் கடிதத்தை நம்பினேன். எனக்கு இரண்டு காலும் இருப்பதால் படியில் ஏறிப் போய் விளக்கேற்றினேன். ஊருக்கு உபதேசம் சொல்லித் திரிபவளின் லட்சணம் இது. வெட்கமாக இருக்கிறது.

8. சட்டத்தையும் ஒழுங்குவிதிகளையும் இங்கே எடுத்துக்காட்டித் தங்களைக் களைப்பாக்க விரும்பவில்லை. அவற்றை மார்ச்சிலேயே அச்சடித்து உங்கள் உத்தியோகத்தர் ஒவ்வொருவருக்கும் கொடுத்திருக்கிறேன். எவருடைய மேசையிலாவது தேநீர்க் கோப்பைக்கு அடியில் இருக்கும்.

9. அந்தக் கீழ்த்தள வீட்டின் திறப்புச் சாவி இம்மாதம் 22ஆம் திகதி பட்டியலில் அடுத்தவருக்குக் கொடுபடப் போகிறது. அது போனால் இவருக்கு இன்னொன்று எப்போது கிடைக்கும் என்று உங்கள் சபையில் எவராலும் சொல்ல முடியவில்லை. “மையத்தாத்தான் மிஸ் இனி என்னக் கீழ எறக்குவாங்க” என்று, தன் பிணம்தான் இனி இறங்கும் என்ற பொருளில், அவர் என்னிடம் சொன்னார். அதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

10. ஆகவே நான் கேட்பது: ‘சமூகமளிக்கவில்லை’ என்ற பதிவை இரத்துச் செய்யுங்கள். 22ஆம் திகதிக்கு முன் மறு விசாரணை வையுங்கள். அதுவரை அவ்வீட்டை எவருக்கும் கொடுக்காதீர்கள். சான்றிதழைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். நான் கையொப்பத்தை மீளப் பெற்றுவிட்டேன். பட்டறைக்கு வர மாட்டேன். இனி உங்கள் கட்டடத்துக்கு நான் வருவது திருமதி லுத்பியாவின் சட்டத்தரணியாக மட்டுமே. இதற்கான அத்தாட்சி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

11. 14ஆம் திகதி செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு, அதே சாரதிகள் அவரை அதே எட்டு மாடியும் இறக்கிக் கொண்டுவருவார்கள். அவர் கீழ்த்தளத்தில் இருப்பார், நான் பக்கத்தில் இருப்பேன். நாடா அறுபட்டிருந்தால் நாங்கள் மேலே வருவோம். அறுபடாமல் இருந்தால், கோப்புகளையும் பேனையையும் எடுத்துக்கொண்டு சபை கீழே இறங்கி வரட்டும். உங்கள் எல்லோருக்கும் கால் இருக்கிறது ஐயா.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
லவினா சவுந்தரநாயகம்
(வாசலில் தொங்குவதை விட்டுவிட்டு, இக்கையொப்பத்தை நம்பவும்.)

திகதி: 2025 ஒக்டோபர் 02
இடம்: வெள்ளவத்தை